தன் சுவரைத் தானே இடித்தவர்

எண்பதுகளின் கடைசியில், இராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் துணித் தறிகளுக்கு ஷெட் கட்டித் தந்த கொத்தனார் அவர். காதில் பென்சில், ஒரு பக்கம் இறங்கிய தோள். எந்தச் சுவரைக் கண்டாலும் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார்.

வெள்ளைத் துணியில் இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று பெரிய சன்னல்கள் கேட்டேன். அவர் என்னைப் பழைய மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனார். உள்ளே போகவில்லை. கூர்வளைவுச் சன்னல்களுக்கு நடுவே, வெளியே சரிவாக நின்ற கல் முட்டுகளைத் தட்டினார்.

"கூரைப் பாரத்த இதுதான் வாங்குது அண்ணாச்சி. அதான் சுவத்துல அம்புட்டுப் பெரிய சன்னல். அவிய கல்லுல செஞ்சத நாம கம்பியும் கான்கிரீட்டும் வச்சுச் செய்வோம். தூணும் பீமும் சுமக்கும். சுவரு சும்மா மறைப்புத்தான்."

அப்படியே கட்டினார். ஆனால் என் மனைவி உள்ளே வர மறுத்துவிட்டாள்.

"நாலரை இஞ்சுச் சுவரு, அதுலயும் பாதி சன்னலு. இத நம்பி எப்படித் தறியில நிக்க?"

அவர் கடப்பாரையை எடுத்தார். உள்ளே நின்றபடி, இரண்டு தூண்களுக்கு நடுவே தான் கட்டிய சுவரை ஆளுயரத்துக்கு இடித்துத் தள்ளினார். மேல்தளம் அசையவில்லை.

"இப்ப வாங்க தாயி," என்றார்.

அவள் போனாள். அந்த ஓட்டையையும் சன்னலாக்கிவிட்டோம். அதன் பக்கத்தில்தான் இன்றும் அவள் தறி.

முதல் அடிக்கு முன் அவர் பக்கத்துத் தூணை ஒன்றுக்கு மூன்று முறை தட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன். அப்படி ஒரு கட்டடம் அவருக்கும் அதுதான் முதலோ என்னவோ. அவளிடம் இதுவரை சொல்லவில்லை.