வலப்பக்கத்து மணிகள்

ஹெட்போனைக் காது மாற்றிப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். இடதுக்கு உரியது வலதில், வலதுக்கு உரியது இடதில். ஒலி வேலை பார்க்கிற எவனும் சந்தேகம் வந்தால் முதலில் செய்கிற காரியம் அது. மூன்று வாரமாக நான் அதைச் செய்யவில்லை.

சோம்பல் இல்லை, பயம். தை மாதத்திலிருந்தே செல்போன் தானாக என் இடது காதுக்குப் போய்விடுகிறது. ஷேர் ஆட்டோவில் ஏறினால் வலது ஓரத்தைத் தேடி உட்காருகிறேன், எல்லோரும் என் இடப்பக்கம் வந்துவிடும்படி. பழக்கம், பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபத்தைந்து வருடமாகக் காதை வைத்துச் சோறு தின்கிறவன் நான். அந்தக் காதை உற்றுப் பார்க்கத் துணிவில்லை.

வேலை, ஒரு வில்லுப்பாட்டுத் தொகுப்பு. ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் பதிவு செய்தோம். கேட்பவனைச் சுற்றி நாலாபுறமிருந்தும் தலைக்கு மேலிருந்தும் ஒலி வருகிற மாதிரி மிக்ஸ் செய்து தர வேண்டும். கேட்பவனை எங்கே உட்கார வைப்பது என்று ஒரு வாரம் அலைந்தேன். கடைசியில், தலைமைப் பாட்டுக்காரி உட்காருகிற இடத்திலேயே உட்கார வைத்தேன். அவன் மடிக்கு முன்னால் வில் இடமிருந்து வலமாகக் கிடக்கும். வில் நெடுகிலும் மணிகள். பக்கத்தில் பானை. இரு புறமும் பின்பாட்டு. முதுகுக்குப் பின்னால் பெண்களின் குலவை.

சென்னைக் கம்பெனிக்காரர்கள் ஆடி மாதக் கோயில் கொடைகளுக்கு முன்னால் வெளியிட வேண்டும் என்றார்கள். வியாழக்கிழமை மாலை ஐந்துக்குள் ஃபைல் போகாவிட்டால், வேலை அங்கேயே வேறு ஆளிடம் போய்விடும். எங்க வில்லு எங்க ஊர்க்காரர் கையால வரட்டும் என்று அந்தப் பாட்டுக்கார அக்கா அடம்பிடித்ததால்தான் அது என்னிடம் வந்ததே.

வீட்டுப் பின்னறையில் பன்னிரண்டு ஸ்பீக்கர் வைக்க இடமில்லை. எல்லாம் ஹெட்போனில்தான். ஹெட்போனுக்குள் வரும் சுற்றொலி ஒரு கணக்கு. யாரோ ஒரு மனிதனின் தலையையும் காது மடலையும் அளந்திருக்கிறார்கள். பின்னாலிருந்து வருகிற குலவை அவன் காதில் எப்படி விழுமோ அப்படி நம் காதில் விழவைக்கிறார்கள். முகம் தெரியாத ஒருவனின் காதை மாட்டிக்கொண்டு நான் என் ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்னுடைய ஹெட்போனில் தலையைத் திருப்பினால் உலகமும் கூடவே திரும்பும். வில் எப்போதும் மூக்குக்கு நேரே. எதிலிருந்தும் முகம் திருப்ப முடியாது. எதையும் மறு காதால் கேட்டுப் பார்க்கவும் முடியாது.

பானையின் கும்மென்ற ஒலி சரியாகத்தான் விழுந்தது. வலப்பக்கத்து மணிகள் மட்டும் புகை மூடினாற்போல் இருந்தன. மைக் கோளாறு என்று நினைத்து அவற்றின் ஒலியை ஏற்றினேன். மறுநாள் இன்னும் கொஞ்சம். அதற்கடுத்த நாளும்.

வியாழன் காலை ஒன்பதரைக்கு வண்ணார்பேட்டைக்குப் போனேன். அங்கே ஓர் அண்ணாச்சி தன் வீட்டு மாடியை இடித்துக் கட்டி, பன்னிரண்டு ஸ்பீக்கர் வைத்து அறை செய்திருக்கிறார். சுற்றி ஏழு, மேலே நாலு, அதிர்வுக்கு ஒன்று. ஹெட்போனில் செய்ததை அனுப்புவதற்கு முன் ஒருமுறை காற்றில் கேட்டுவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அக்காவும் பானை அடிக்கிற அவள் தம்பியும் பதினோரு மணிக்கு வருவதாக ஏற்பாடு.

அறை நடுவே இருக்கிற நாற்காலியில் உட்கார்ந்தேன். வில் பிறந்தது. மூன்று வாரம் மண்டைக்குள் அடைந்து கிடந்தது முதன்முறையாக வெளியே வந்து, எனக்கு நாலடி தள்ளிக் கிடந்தது. மயிர்க்கால்கள் சிலிர்த்தன. நேராக இருக்கிறது, எல்லாம் நேராக இருக்கிறது.

பின்னால் வலப்பக்கம் நின்ற அண்ணாச்சி ஏதோ கேட்டார். விளங்கவில்லை. முழுதாகத் திரும்பினேன். என் இடது காது வலப்பக்கத்து ஸ்பீக்கரின் பக்கம் வந்தது. அந்த நொடியில் மணிகள் என்மேல் கொட்டின, தகரக் கூரையில் சில்லறையைக் கவிழ்த்த மாதிரி.

"என்னவே, வலப்பக்கம் மட்டும் ஆயிரம் மணியா கட்டி வச்சிருக்கீரு?" என்றார் அண்ணாச்சி.

அவருடைய வலது ஸ்பீக்கரில்தான் கோளாறு என்று வாதம் செய்தேன். அறை மூலையைக் குறை சொன்னேன். அவர் வலதுக்குப் போகிற வயரையும் இடதுக்குப் போகிற வயரையும் பைய மாற்றிச் செருகினார். மணி நெரிசல் அப்படியே இடப்பக்கம் வந்து நின்றது.

"பொட்டி நல்லாத்தான் இருக்கு. உம்ம ஃபைல்தான் சாஞ்சிருக்கு."

இதே சோதனையை நான் என் தலையில் செய்திருக்க வேண்டும்.  அப்படியென்றால் ஹெட்போன்தான் ஏமாற்றியிருக்கிறது என்றேன். அவர் வயர்களைப் பழையபடி செருகினார்.

அக்கா தன் பானைக்காரத் தம்பியோடு வந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நாற்காலியில் உட்கார்ந்ததுமே அவள் வலது கை, வில்லில் அடிக்கிற வீசுகோலைப் பிடித்த மாதிரி தானாக உயர்ந்தது. தன் இடத்தில் தன்னையே உட்கார வைத்திருக்கிறேன் என்பது அவளுக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிட்டது. முகம் மலர்ந்தது. பிறகு வலது தோள் கொஞ்சம் சுருங்கியது.

"தம்பி, வில்லு வலத்த சாஞ்சி கெடக்கு. நான் இப்படியா பூட்டுவேன்? கொடைக்கு வாறவுக கேட்டா, வில்லுக்காரிக்கு வில்லு பூட்டத் தெரியலன்னுல்லா சொல்லுவாக."

பானைக்காரன் சுவரில் சாய்ந்து நின்றான். "விடுக்கா. வலது காது மந்தமான செவிட்டுப்பய எவனாச்சும் இருப்பான்லா, அவனுக்குத் தோதா இருக்கும்."

அண்ணாச்சி சிரித்தார். நானும் சிரித்தேன். முகம் எப்படி இருந்தது என்று தெரியவில்லை.

ஹெட்போனில் நேராகத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள் என்று அக்காவிடம் நீட்டினேன். என்னிடம் மிச்சமிருந்த கடைசிச் சாக்கு அது. அவள் கொண்டையைச் சரித்துவிட்டு மாட்டிக்கொண்டாள். கண்ணை மூடிக் கேட்டாள். கழற்றி என் மடியில் வைத்தாள்.

"இதுலயும் சாஞ்சிதான் கெடக்கு."

இதோ வருகிறேன் என்று மடிக்கணினியையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். படி ஜன்னலில் தாமிரபரணி ஒரு கீற்றாகத் தெரியும். ஆற்றில் யாரோ துணி அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். கை கல்லில் விழுந்த பிறகே சத்தம் வந்தது. வில்லின் நட்டநடுவில் தொங்குகிற ஒற்றை மணியை மட்டும் ஓடவிட்டேன். அது இரண்டு காதுக்கும் ஒரே அளவில் போகிற மணி. சரியாகப் போட்டபோது இடப்பக்கம் ஒதுங்கி ஒலித்தது.

கழற்றினேன்.  காது மாற்றிப் போட்டேன்.

ஹெட்போனில் குறை என்றால் மணி வலப்பக்கம் தாவியிருக்க வேண்டும். தாவவில்லை. எங்கே நின்றதோ அங்கேயே, என் இடது காதோரம், சின்னப் பறவை மாதிரி உட்கார்ந்து ஒலித்தது. மறுபடி மாற்றினேன். மறுபடியும். நாலு தடவை. அது அசையவே இல்லை.

எவ்வளவு நேரம் படியில் இருந்தேன் என்று தெரியாது. மணியையெல்லாம் அண்ணாச்சி கையில் விட்டுவிட்டு, தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போய்விடலாம். அவர் அருமையாகச் செய்வார். யாரும் எதுவும் கேட்கவும் மாட்டார்கள். அடுத்த வேலைக்கு வேறொரு தலைவலி. அதற்கடுத்ததற்கு இன்னொன்று.

அறைக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டே முக்கால். ஹெட்போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். நாற்காலியைப் பிடித்து முழுதாகத் திருப்பிப் போட்டு, அண்ணாச்சியின் கணினித் திரைக்கும் வில்லுக்கும் முதுகு காட்டி உட்கார்ந்தேன். இப்போது வலப்பக்கத்து மணிகள் என் இடது காதுக்கு நேரே.

அக்காவின் குரல் கடுமையாக வந்தது. "என்ன தம்பி இது, வில்லுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு?"

கொடையில் யாரும் அப்படி உட்காரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாதா என்ன. உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியே இல்லை என்பதும் தெரிந்தது. சுவரைப் பார்த்தபடி சொன்னேன்.

"எனக்கு வலது காது சரியாக் கேக்கலக்கா. இப்படி உக்காந்தாத்தான் வலது மணி இந்தக் காதுல விழும்."

ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் இருந்தது. அதையும் நான் ஒரு பக்கமாகத்தான் கேட்டேன். அண்ணாச்சி மௌசிலிருந்து கையை எடுத்துவிட்டார். 

ஒரு நாற்காலி இழுபடும் ஓசை. என் முதுகோடு முதுகாக அக்கா உட்கார்ந்தாள். அவள் கண்டாங்கிச் சேலையின் கஞ்சி மொடமொடப்பு என் சட்டைக்குப் பின்னால் தெரிந்தது.

"வில்லு முன்னால நான் இருக்கேன். நீங்க திரும்பியே இருங்க. நேராச்சுன்னா சொல்லுதேன்."

மடிக்கணினியை மடியில் வைத்து ஒவ்வொரு மணியாக இறக்கினேன். மூன்று வாரம் ஏற்றியதை மூன்று மணி நேரம் இறக்கினேன். நான் போதும் என்று நினைத்த இடத்தில் அவள் இன்னும் என்பாள். அவள் தலையசைப்பது என் முதுகில் தெரியும். இரண்டு இடத்தில் நாங்கள் ஒத்துப்போகவில்லை. அண்ணாச்சி வந்து அக்கா பக்கம் சேர்ந்துகொண்டார். வலப்பக்கம் முடிந்ததும் நேரே திரும்பி இடப்பக்கத்தைக் கேட்டேன். மறுபடி திரும்பி வலப்பக்கம். நாற்காலிக் கால்கள் தரையில் வட்டமாகக் கோடு போட்டிருந்தன.

நாலே கால் சுமாருக்கு அக்கா எழுந்தாள். "இப்பம் என் வில்லு" என்றாள்.

அனுப்புவதற்காக ஃபைலைக் கட்டத் தயாரானோம். பானைக்காரன் என் வலப்பக்கம் வந்து நின்று ஏதோ முணுமுணுத்தான். எனக்கு விளங்கவில்லை, ஆனால் உதடு அசைவது தெரிந்தது. நான் தலையைத் திருப்புவதற்குள் அவனே நிறுத்திக்கொண்டான். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தான். குனிந்தான்.

"அண்ணே, மணியெல்லாம் சரியாயிட்டு. அந்தப் பானையைக் கொஞ்சம் ஏத்துங்களேன்."

ஏற்றினேன். அக்கா காதுக்குத் தெரியாத அளவுக்கு.