அறுக்காத பட்டை

1. முதல் சுத்தியல்

வெங்கட் முதன்முதலில் விற்ற சுத்தியல், துரு அதிகம் என்று நான் விட்டுவிட்டு வந்த சுத்தியல். பாறையில் ஆணி அடிக்கிற பழங்காலத்துச் சாமான். வீட்டுக் கராஜில் பழைய சாமான்களைப் பரப்பி விற்கும் கராஜ் சேல் அது. நான் காலையில் பார்த்த அதே இடத்துக்கு அவன் மதியம் போய் அதை வாங்கினான். கைப்பிடிக்கு எண்ணெய் தடவி, நாலு போட்டோ எடுத்து, இதைப் பிடித்த கை எந்தெந்த மலை ஏறியதோ என்று உருக்கமாக எழுதி ஆன்லைனில் போட்டான். மாலைக்குள் விற்றுவிட்டது. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

சான் ரமோனில் ஆபீஸ் வேலை போன பிறகு, பழைய மலையேற்றச் சாமான்களை வாங்கி விற்பதுதான் எனக்குச் சோறு. வெங்கட்டுக்கு வேலை இருந்தது. சனிக்கிழமைப் பொழுதுபோக்குக்காக வந்தவன். இதற்குள் அவனை இழுத்து வந்ததே நான்தான். ஆள் நல்லவன் வேறு. கெட்டவனாக இருந்தால் நிம்மதியாகத் திட்டியிருக்கலாம்.

2. கத்தியும் கையும்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். உலோகம் நாள்பட உழைக்கும், துணி உழைக்காது. கேம் என்று ஒரு கருவி உண்டு. பாறை இடுக்கில் செருகினால் விரிந்து பிடித்துக்கொள்ளும். அதன் அடியில் தைத்திருக்கும் நைலான் பட்டையில்தான் கயிற்றை மாட்டுவோம். ஏறுகிறவர் தவறி விழுந்தால் அந்தப் பட்டைதான் உயிர். வெயில் பட்டுப் பட்டு அது மக்கிவிடும். அதனால் நான் பழைய பட்டையை அறுத்துவிட்டுத்தான் விற்பேன்; ஏறுகிறவர் புதுப் பட்டை தைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் சேகரிப்பவர்களுக்கு ஒரிஜினல் பட்டை வேண்டும். அறுத்தால் விலை இறங்கும். வெங்கட் அறுக்க மாட்டான்.

"ஷோகேஸ்ல வைக்கத்தானே பாய் வாங்கறாங்க? நீங்க எதுக்குக் கத்தியும் கையுமா அலையறீங்க?" என்பான்.

என் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அவன் பக்கம் போனார்கள்.

பெர்க்லியில் ஒரு வீடு. மலையேறுகிறவர் ஒருவர் காலமாகிவிட, அவர் மகள் கராஜைக் காலி செய்துகொண்டிருந்தார். முதலில் போனது நான்தான். ஜன்னலோரம் ஆணியில் கேம்கள் ஒரு முழு செட்டாகத் தொங்கின. அப்படி ஒரு செட் என் கைக்கு வந்ததே இல்லை. திருப்பிப் பார்த்தேன். சிவப்புப் பட்டைகள் ஜன்னல் பக்கமாக வெளுத்துப் போயிருந்தன. நான் விலை கேட்பதற்குள் வெங்கட் வந்து சேர்ந்தான். அப்பா எங்கெல்லாம் ஏறினார் என்று அந்தப் பெண்மணியிடம் விசாரித்தான். அவர் அழுதார். இவனும் கண் கலங்கினான். செட் அவனுக்குப் போனது. எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அது வேறு அழுகை. ஃப்ரீவே முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே வீடு வந்தேன்.

3. பார்க்கிங் லாட்

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. அதே செட், திவ்யாவின் இடுப்பில். எங்கள் அபார்ட்மெண்டில் வளர்ந்த பெண், இப்போது நர்ஸ். மறுநாள் அதை மாட்டிக்கொண்டே ஏறப்போவதாக எழுதியிருந்தாள். ஷோகேஸில் வைக்க அவள் வாங்கவில்லை.

பதறிப்போய் வெங்கட்டைக் கூப்பிட்டேன்.

"நான் நல்லா இழுத்துப் பார்த்துட்டேன் பாய், ஸ்ட்ராங்கா இருக்கு. நாளைக்கு நானும் கூடப் போறேன். செட் உங்களுக்குக் கிடைக்கலன்னு கடுப்பு, எனக்குப் புரியுது."

திவ்யாவைக் கூப்பிட்டேன். "இட்ஸ் ஓகே, அங்கிள்" என்று சிரித்தாள். எனக்குப் பொறாமை என்று வெங்கட் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறான்.

என் மனைவி நஸீமா கேட்டுக்கொண்டிருந்தாள். "பொறாமை இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"பொறாமைதான். ஆனா பட்டையும் மக்கித்தான் கெடக்கு."

"அப்ப ரெண்டையும் சொல்லுங்க. ஒண்ண மறைச்சுட்டு இன்னொண்ணச் சொன்னா யார் நம்புவா?"

காலையில் அவர்கள் ஏறும் பாறைக்கே காரை விட்டேன். பார்க்கிங் லாட்டில் இருவரும் கயிறு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெங்கட் முகம் சுருங்கியது.

"திவ்யா, எனக்கு இவன் மேல பொறாமைம்மா," என்றேன். "இவன் ஒவ்வொண்ணா விக்கறதப் பார்த்தா வயிறு எரியுது. இந்த செட் எனக்கு வரவேண்டியது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். இதுல ஒண்ணக் குடு. தரைக்கு ரெண்டடி மேல நான் தொங்கிப் பார்க்கறேன். தாங்கிச்சுன்னா பேசாம வீட்டுக்குப் போயிடறேன்."

சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். ஓரத்தில் கிடந்த பாறை இடுக்கில் அதைச் செருகி, பட்டையில் என்னை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தாங்கியது. வெங்கட் மூச்சு விட்டான். எழும்பி ஒரு குதி குதித்தேன். தையல் சரசரவென்று பிரிந்து, சரளைக்கல்லில் இடுப்பில் அடிபட விழுந்தேன். கேம் பாறையிலேயே இருந்தது.

திவ்யா அண்ணாந்து அன்றைக்கு ஏறவிருந்த சுவரைப் பார்த்தாள். வெங்கட் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கத்தியை வாங்கி மீதிப் பட்டைகளை அறுத்தான். "நான் இழுத்துப் பார்த்தேன் பாய்... கையாலதான் இழுத்தேன்," என்றான்.

நான் கற்றது இதுதான். பொறாமையோடு ஓர் உண்மையைச் சொல்ல நேர்ந்தால், முதலில் பொறாமையைச் சொல்லிவிடுங்கள். எதிராளிக்கு உங்கள்மேல் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. உண்மை காதில் விழும்.

வெங்கட் இப்போது எல்லாப் பட்டைகளையும் அறுத்துத்தான் விற்கிறான். அறுத்த பட்டையைப் பற்றியும் உருக்கமாக எழுதுகிறான். எவ்வளவு நேர்மை என்று ஊரே கைதட்டுகிறது. வருடக்கணக்காக அறுத்த எனக்கு ஒருவரும் தட்டவில்லை. திவ்யாவும் புதுப் பட்டை தைத்த கேம் செட் ஒன்று வாங்கி, வாராவாரம் ஏறிக்கொண்டிருக்கிறாள். வாங்கியது வெங்கட்டிடம்.