தவளையின் அக்கா

அந்த வீட்டில் அவளுக்கு அக்கா என்றுதான் பெயர். தம்பிக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அம்மாகூட அவளை அப்படித்தான் கூப்பிட்டாள். தம்பிக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் தவளை. கட்டைக் குரல்தான், ஆனால் அவன் பாட ஆரம்பித்தால், கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள்கூடக் கை கழுவாமல் எழுந்து வந்து நிற்பார்கள். பகலில் ஒரு கடையில் கண்ணாடி அறுப்பான். சாயங்காலம் விசேஷ வீடுகளில் பாடுவான். பாடியதையெல்லாம் இணையத்தில் தன் பக்கத்தில் போட்டுவைப்பான்.

அக்காவுக்கு வேலை மரச்சாமான் கடை ஒன்றின் மாடியில். வாசலிலேயே போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். உள்ளே வரிசையாகத் திரைகள், ஆளுக்கொரு ஹெட்போன். மக்கள் போடுகிற வீடியோக்களில் அரசாங்கம் கூடாது என்று சொன்னதைப் பார்த்து நீக்க வேண்டும். ஆபாசம், வன்முறை, அவதூறு என்று காரணத்தையும் தட்ட வேண்டும். ஆரம்பத்தில் வந்ததெல்லாம் கண்கொண்டு பார்க்க முடியாத அசிங்கம். சாக்கடையை யாராவது அள்ளத்தானே வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். போகப் போகக் கார்ட்டூன் வந்தது, தெரு நாடகம் வந்தது, கவிதை வந்தது. அதற்குள் கை பழகிவிட்டது.

ஒரு நாள் காலையில் ஹெட்போனில் தம்பி பாடினான். யாரோ பெயர் தெரியாத ஒரு பக்கத்தில் போட்டிருந்த வீடியோ. முகம் தெரியவில்லை. கவிழ்த்த பிளாஸ்டிக் வாளியும், அதைத் தட்டுகிற இரண்டு கைகளும் மட்டும்.

"குழாயைத் திறந்தேன், காத்து வந்தது,
காத்துக்கும் சேத்து பில்லு வந்தது..."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடி கண் திரையின் உச்சிக்குப் போனது. அங்கே சிவப்பு எழுத்தில் குறிப்பு: உடனே நீக்கவும், பாடியவர் தேடப்படுகிறார்.

சொந்தக்காரர் விஷயம் வந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. சொன்னால் அவனைக் கையைப் பிடித்துக் கொடுத்த மாதிரி. வாயைத் திறக்காமல் நீக்கினாள்.

அப்புறம்தான் உறைத்தது. தம்பியின் பக்கத்தில் அவன் பெயர், முகம் எல்லாவற்றோடும் பழைய பாட்டுகள் கிடக்கின்றனவே! எவனாவது இரண்டு குரலையும் ஒத்துப் பார்த்தால்? அன்று மத்தியானம் அவள் சாப்பிட எழுந்திருக்கவில்லை. கல்யாணப் பாட்டு, கேலிப் பாட்டு, அவளுடைய மகள் பிறந்தபோது பாடிய தாலாட்டு என ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து நீக்கினாள். ஒவ்வொன்றுக்கும் திரை காரணம் கேட்டது. தாலாட்டுக்கு என்ன சொல்வது? ஆபாசம் என்று தட்டினாள்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான்.

"அக்கா, என் பாட்டு ஒண்ணுகூட இல்லக்கா. துடைச்சு விட்ட மாதிரி இருக்கு."

"வேற எங்கயாவது எடுத்து வச்சிருக்கியாடா?"

"அந்தப் பழக்கம் எல்லாம் எனக்கு ஏது? சரி விடு, தொண்டை இருக்குல்ல. மறுபடி பாடிட்டாப் போச்சு."

பாட்டு போனால் போகட்டும், பிள்ளை தப்பித்தான் என்று அவளுக்கு மூச்சு வந்தது.

அந்த வாரமே கண்ணாடிக் கடைக்கு வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மேற்பார்வையாளர் அவள் மேஜைக்கு வந்து எல்லோர் முன்னாலும் கை கொடுத்தார். பிடிபட்டவன் அவள் தம்பி என்பது அவருக்குத் தெரியாது. "பிரமாதம்மா! நாங்க இருட்டுல தடவிட்டு இருந்தோம். நீ ஒரே ஆளோட பாட்டு மொத்தத்தையும் ஒரே மத்தியானத்துல தூக்கியிருந்த. யாருடா இவன்னு, நீ நீக்கினதையெல்லாம் நம்ம பதிவுலேர்ந்து எடுத்துப் பார்த்தோம், குரல் அப்படியே பொருந்திடுச்சு. நீ மட்டும் இல்லேன்னா ஆள் சிக்கியிருக்கவே மாட்டான்."

பக்கத்து மேஜைக்காரர்கள் கை தட்டினார்கள். அவள் எழுந்தாள், வாசலில் போனை வாங்கிக்கொண்டாள், படியிறங்கினாள். அதற்குப் பிறகு அந்த மாடிக்கு ஏறவில்லை.

மழைக்காலம் போய் வெயில் வந்த பிறகு அவனை விட்டார்கள். உடம்பு பாதியாகியிருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான்.

"ஒரே ஒரு வரி பாடுடா கண்ணு, காது ஏங்கிப் போச்சு" என்று அம்மா கெஞ்சினாள்.

"வரலம்மா."

அம்மா அந்தப் பக்கம் போனதும் அக்கா அவன் அருகில் போய் உட்கார்ந்தாள். "தம்பி, உன் பாட்டையெல்லாம் நீக்கினது..."

"தெரியும்க்கா." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "விசாரணையில காட்டினாங்க, யார் யார் எதை எதை நீக்கினதுன்னு. நீ என் அக்கான்னு நான் சொல்லல."

"உன்னைக் காப்பாத்தத்தான்டா செஞ்சேன்."

"அதுவும் தெரியும்." அவள் பக்கம் திரும்பினான். "தாலாட்டுக்கு மட்டும் வேற ஏதாவது காரணம் போட்டிருக்கலாம்க்கா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவன் சமாதானம் சொல்லவில்லை. எழுந்து போகவும் இல்லை.

இப்போது பழைய கடையிலேயே கண்ணாடி அறுக்கிறான். யாராவது போனில் பாட்டு போட்டால் வெளியே போய் நின்றுகொள்கிறான். விசேஷத்துக்கு அழைக்க வந்தவர்கள் வந்து வந்து பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். அவளுடைய மகள் மாமா மாமா என்று மேலே ஏறி விளையாடுவாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொடுப்பான். தலையைக் குனிந்து சாப்பிடுவான். போகும்போதுகூடத் தலையசைப்புதான். அக்கா பரிமாறும்போது மட்டும், தட்டைக் கையால் மறைத்து, "போதும்க்கா" என்பான்.

அதைக் கேட்கத்தான், அவன் வயிறு நிறைந்துவிட்டது தெரிந்தும், அவள் இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டு வருகிறாள்.