ஆர்விலோட முட்டிப்பட்டை

"நான் ஒண்ணும் தூங்கல. கண்ணை மூடிக்கிட்டு யோசிச்சிட்டிருக்கேன், அவ்வளவுதான்."

யாரும் கேக்கவே இல்ல. சாய்வு நாற்காலியில உக்காந்திருந்த ஆர்வில் ஸ்டில்ட்னர் அவனாத்தான் சொன்னான். மடியில பேத்தி ஓபல். பொறந்து ரெண்டே மாசம். அவ்வளவு சின்ன வாயில அவ்வளவு பெரிய கொட்டாவி எப்படித்தான் அடங்குமோ! பொண்டாட்டி கார்னெட் அடுப்புல சோளரொட்டி வெந்திருச்சான்னு பாத்துக்கிட்டிருந்தா. மக ட்ரீமா புள்ளைத் துணிய மடிச்சுக்கிட்டிருந்தா.

சொல்லி வாய் மூடல, ஆர்விலோட தலை நெஞ்சுமேல தொங்கிருச்சு. கை தளர்ந்துச்சு. புள்ளை மெதுவா, ரொம்ப மெதுவா, அவன் முட்டி வழியா சறுக்கிச்சு.

கார்னெட் ரொட்டித் தட்டைப் போட்டுட்டுப் பாஞ்சு புடிச்சா. தரைக்கும் புள்ளைத் தலைக்கும் நடுவுல ஒரு சாண்தான் இருக்கும். ஓபல் அழக்கூட இல்ல. தட்டு விழுந்த சத்தத்துக்கு ஆர்வில் முழிக்கவும் இல்ல. தோளைப் புடிச்சு நாலு உலுக்கு உலுக்கின பிறகுதான், "ரொட்டி ஆச்சா?"ன்னு கேட்டான்.

ட்ரீமா கத்தியிருந்தாக்கூட தேவலை. அவ கத்தல. புள்ளையைத் துணியில சுத்தித் தோள்ல போட்டுக்கிட்டு, "அப்பா, அந்த மாத்திரை இருக்கற வரைக்கும் உன் கையில என் புள்ளை இல்ல"ன்னா.

"முதுகு வலிக்குதுடி எனக்கு."

"வலிக்கலைன்னு நான் சொன்னேனா?"

வலி பொய் இல்ல. மேற்கு வர்ஜீனியாவுல, ஸ்லேட் பிராஞ்ச் பள்ளத்துல, அதைப் பொய்னு சொல்ல ஒரு ஆள் கிடையாது. இருபத்திநாலு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்துல, கூரை இடிஞ்சு விழாம இருக்க அதுக்கு போல்ட் அடிச்சவன். அந்தச் சுரங்கத்தோட உயரமே முப்பத்தாறு இஞ்ச். உள்ள போனா முட்டி போட்டு நாலு கால்ல தவழ்றதுதான், நிமிர்ற பேச்சே இல்ல. ஒரு நாள் மேலருந்து பாறைப் பலகை ஒண்ணு முதுகுல விழுந்துச்சு. ஆஸ்பத்திரியில தண்டுவடத்துல ஆறு திருகாணி வெச்சுத் தெச்சாங்க. "இத்தனை வருஷம் நான் கூரைக்கு போல்ட் அடிச்சேன், அவங்க எனக்கு அடிச்சாங்க. கூரை நின்னுச்சு, நான்தான் நிக்கல"ன்னு சொல்லிச் சிரிப்பான்.

அப்ப பாத்த ஒரு டாக்டரு, "வலி நெசமா இருக்கறவனுக்கு இந்த மாத்திரை பழக்கமே ஆகாது"ன்னு சொல்லி எழுதிக் கொடுத்தாரு. ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு ஆறாச்சு, வருஷம் பத்தாச்சு. வலி போச்சான்னா போகல. வலியோட உக்காந்திருந்த ஆர்வில்தான் கொஞ்சம் கொஞ்சமா எங்கேயோ போயிட்டான்.

மக போட்ட தடையால இப்ப அவனுக்கு விழுந்த அடி வேற எங்கயும் இல்ல, மே மாசத்துல. அங்க மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட மலைமேல கல்லறைக்குப் போயி, புல்லு செதுக்கி, பூ வெச்சு, அங்கயே உக்காந்து சாப்பிடுவாங்க. ஸ்டில்ட்னர் வீட்டுல இன்னொண்ணும் உண்டு. வீட்டுல பொறந்த புள்ளையை மூத்த ஆம்பளைதான் மேல கொண்டு போவான். ஆர்விலோட செத்துப்போன அம்மா ஓசெல்லாவோட கல்லறைக் கல்லுமேல புள்ளைக் கையை வெச்சு, பேரைச் சத்தமா சொல்லுவான். அதுக்கப்புறந்தான் அது அந்த வீட்டுப் புள்ளை. ட்ரீமாவை அப்படித்தான் கொண்டு போனான், ஒரே கையில.

தம்பி வெர்லின் வந்து, "அண்ணே, இந்தத் தடவை நான் தூக்கிட்டுப் போறேனே"ன்னான்.

"நீ தூக்குனா உன் தொப்பையிலருந்து உருண்டு விழுந்துருவா. போடா. என் பேத்தி இந்த வருஷம் கீழயே இருக்கட்டும். அடுத்த மே மாசம் நான் கூட்டிட்டுப் போறேன்."

ட்ரீமா திரும்பிப் பாக்காமலே சொன்னா: "கண்ணு தொறந்திருந்தா பாக்கலாம்."

அன்னிக்கே பாட்டில்ல இருந்த மாத்திரையெல்லாம் கக்கூஸ்ல கொட்டித் தண்ணிய இழுத்து விட்டான். வீம்பு. மூணு நாள் நடுக்கம், வாந்தி, வேர்வை. ராட்டினம் சுத்தற மாதிரி கால் ரெண்டும் தானா உதைச்சுக்குச்சு. நாலாம் நாள் கார்னெட் அவனை லாரியில ஏத்தி, டவுன்ல புதுசா வந்திருந்த ஹோனக்கர் டாக்டரம்மாகிட்ட கொண்டு போய் நிறுத்தினா.

"உங்களை யாரு ஒரேடியா நிறுத்தச் சொன்னது?"

"எம் பேத்தி."

"பேத்திக்கு என்ன வயசு?"

"ரெண்டு மாசம்."

டாக்டரம்மா சிரிக்கல. "ஒரேடியா நிறுத்துனா உடம்பு தாங்காது. அப்புறம் தாங்க மாட்டாம பழைய அளவைப் போடுவீங்க, அதுல மூச்சு நின்னுரும். மாசாமாசம் கொஞ்சம் குறைப்போம். முடியலைன்னா ஒரு மாசம் நின்னுட்டுப் போவோம். பியர் கூடாது, தூக்கத்துக்குப் போடற நரம்பு மாத்திரை கூடாது. சரி, இப்ப வலி பத்துல எத்தனை?"

"முப்பத்தாறு."

"பத்துக்குள்ள சொல்லுங்க."

"நான் இருந்த இடத்தோட உயரம் அது. அதுக்குள்ள என்னை அடக்க முடிஞ்சுது. உங்க பத்துக்குள்ள முடியாது."

அதையும் அந்தம்மா எழுதிக்கிட்டாங்க. கார்னெட் கையில மூக்குல அடிக்கிற மருந்து ஒண்ணு கொடுத்து, "மூச்சு திணறி உதடு நீலமானா அடிங்க, அடிச்ச கையோட ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க"ன்னு சொல்லிக் காட்டினாங்க. உடற்பயிற்சி சொல்லித் தர்ற பொண்ணுகிட்டயும் அனுப்பினாங்க. அந்தப் பொண்ணு முதல்ல சொன்னதே, "தரையில நாலு கால்ல நில்லுங்க"ன்னுதான். நின்னான். முதுகுலருந்து காலுக்கு ஓடற வலிச் சூடு அப்படியே அணைஞ்சுது.

"இதுக்கா காலேஜ் போயி படிச்ச? நான் இதை இருபத்திநாலு வருஷம் பண்ணேன்மா"ன்னான் ஆர்வில்.

அந்த மருந்து முதல்ல அடிச்சது ஆர்வில் மூக்குல இல்ல. ஸ்லேட் பிராஞ்ச்ல மாத்திரையை உப்பு மாதிரி கைமாத்துக் கேப்பாங்க. "வியாழக்கிழமை என் மாத்திரை வந்துரும், ரெண்டு கொடு"ன்னு வருவாங்க. இல்லைன்னு சொன்னா அவன் மனுஷனா? பக்கத்து வீட்டு டார்சல் வந்து கேட்டான், ஆர்வில் ரெண்டு கொடுத்தான். டார்சல் அதை பியர்ல முழுங்கிட்டு லாரியில சாஞ்சான். உதடு கத்திரிக்காய் நிறத்துல இருந்துச்சு. கார்னெட்தான் ஓடிப் போய் மூக்குல அடிச்சு, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் கன்னத்துல அறைஞ்சுக்கிட்டே இருந்தா.

பொழைச்சுக்கிட்டான். ஆனா ஆர்வில் ரெண்டு நாள் பச்சத்தண்ணி குடிக்கல. மூணாம் நாள் சுரங்கத்துக்குக் கொண்டு போன பழைய அலுமினியச் சோத்துவாளியை எடுத்து, மாத்திரையை உள்ள வெச்சு, பூட்டுப் போட்டு, சாவியைக் கார்னெட் கழுத்துல மாட்டினான். அடுத்த மாசம் டார்சல் மறுபடி கேக்க வந்தான்.

"இல்ல"ன்னான் ஆர்வில்.

"பெரிய மனுஷன் ஆயிட்டியோ?"

"ஆமாடா. திட்டிட்டுப் போ. செத்தவன் திட்ட மாட்டான், நீ திட்டு."

அப்புறம் ஒரு வருஷம் ஓடுச்சு. இந்தப் பக்கம் மாத்திரை குறைய, அந்தப் பக்கம் ஓபல் வளர்ந்தா. ஆறு அஞ்சானப்ப குப்புற விழுந்தா. அஞ்சு நாலாகறதுக்குள்ள ஆர்வில் தாங்க மாட்டாம ரெண்டு தடவை ஜன்னலைக் குத்தினான், ஓபல் கீழ்ப் பல்லு ரெண்டைக் காட்டினா. அரிசிமணி மாதிரி பல்லு, அதை வெச்சுக்கிட்டு தாத்தன் மூக்கைக் கடிச்சா பாருங்க! அவ தவழ ஆரம்பிச்ச வாரம், ஆர்வில் தரையில நாலு கால்ல பயிற்சி பண்ணிக்கிட்டிருந்தான். மேசைக்கு அடியில ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி முட்டிக்கிட்டாங்க. வாசல்ல ட்ரீமா நின்னு பாத்துட்டா.

"தரையில இருக்கேன்டி. இங்கருந்து யாரு எங்க விழறது?"ன்னான் ஆர்வில்.

ட்ரீமா புள்ளையை எடுக்கல.

மே மாசம் வந்தப்ப கணக்கு படுக்கும்போது போடற அரை மாத்திரைக்கு வந்திருந்துச்சு. அந்த அரை போகல. "அதுல ஒண்ணும் கேவலம் இல்ல, உங்க தலை தெளிவா இருக்கு பாருங்க"ன்னாங்க டாக்டரம்மா. வலியும் போகல. அது அங்கயேதான் இருந்துச்சு, வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி.

ஞாயித்துக்கிழமை மலையடியில மொத்தக் குடும்பமும் கூடியிருந்துச்சு, டார்சலும் வந்திருந்தான். கையில பிளாஸ்டிக் பூ, கோழி உருண்டைக் குழம்பு, பீன்ஸ். மண்பாதை செங்குத்தா ஏறும். வெர்லின் நாலுசக்கர மலைவண்டியை உறுமவிட்டு, "ஏறுண்ணே, புள்ளையை மடியில வெச்சுக்க"ன்னான்.

"அதுல குலுங்கினா என் திருகாணி எல்லாம் உன் மடியில கெடக்கும்"னு சொல்லிட்டு ஆர்வில் மண்ணுல முட்டி போட்டான். முட்டியில பழைய சுரங்கத்து ரப்பர் பட்டை. ரெண்டு கையையும் பாதையில ஊனினான். தவழ்ந்தான்.

ஓபல் அம்மா கையிலருந்து நெளிஞ்சு இறங்கினா. நடக்கப் பழகிட்டவதான். ஆனா தாத்தனைப் பாத்தா, மேட்டைப் பாத்தா, பொத்துனு நாலு கால்ல விழுந்து கூடவே கிளம்பிட்டா.

"ஆர்வில், சில்லறை ஏதாவது விழுந்துருச்சா?"ன்னு கத்தினான் டார்சல்.

"உன் மூளைடா! இந்தப் பக்கந்தான் எங்கயோ விழுந்திருக்கு!"

எல்லாரும் சிரிச்சாங்க. டார்சலும் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே வந்து, சறுக்குனா புடிக்கத் தோதா ஓபலுக்குப் பின்னாடி ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டே ஏறினான், மேல போற வரைக்கும். பாதி மேட்டுல ஆர்விலுக்கு மூச்சு வாங்குச்சு. கார்னெட், "போதும், நின்னுரு"ன்னா. "சுரங்கத்துல மைல் கணக்கா தவழ்ந்தேன், அப்ப முன்னாடி கரிதான் இருந்துச்சு. இப்ப பாரு, முன்னாடி யாரு போறான்னு"ன்னான். முன்னாடி ஓபல், டயப்பரை ஆட்டிக்கிட்டுப் போயிட்டிருந்தா.

மேல போய் ஓசெல்லா கல்லுக்கிட்ட சாஞ்சு உக்காந்தான். மூஞ்சியெல்லாம் வேர்வை, கண்ணு ரெண்டும் பளிச்சுனு தொறந்திருந்துச்சு. ட்ரீமா அதைக் கொஞ்ச நேரம் நின்னு பாத்தா. அப்புறம் குனிஞ்சு, புள்ளையை அவளே தூக்கி, அவன் மடியில வெச்சா.

ஓபலோட சேத்துக்கை கல்லுமேல படக்குனு விழுந்துச்சு. இன்னொரு கையில பிளாஸ்டிக் இதழ் ஒண்ணைப் புடிச்சு மென்னுக்கிட்டிருந்தா.

"அம்மா, இது ஓபல்"னு மலையே கேக்கற மாதிரி சொன்னான் ஆர்வில்.

அவன் தவழ்ந்துதான் ஏறப் போறான்னு காலையிலயே ட்ரீமாவுக்குத் தெரிஞ்சிருக்கணும். கொட்டகையில உக்காந்து முட்டிப்பட்டையில இருந்த கரித்தூளை அவன் தட்டிக்கிட்டிருந்தான். "இன்னிக்கு வலி எப்படிப்பா இருக்கு?"ன்னு கேட்டா. வாரை இறுக்கிக்கிட்டே அவன் சொன்னான்:

"அதுவும் கூட வருதாம். வரட்டும்டி. பாவம், அதுக்குத்தான் முட்டிப்பட்டை இல்ல."