கொழுந்து மடுவத்தில் ஒரு காந்தப் பாடம்

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நான் வெளிநாட்டில் ஆராய்ச்சி மாணவன். விடுமுறைக்கு எங்கள் தேயிலைத் தோட்டமான ஸ்பிரிங்வெளிக்கு வந்தால், கொழுந்து பறிக்கும் அம்மாவை, உடன் வேலை செய்யும் பெண்கள் சும்மா விடமாட்டார்கள்.

"ஒம் மவன் இன்னும் காந்தந்தான் படிக்கிறானா? எம் பேரன் அத அஞ்சாம் வகுப்புலயே முடிச்சிட்டானே!"

அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நாளைக்கு மடுவத்துக்கு வா. நீ என்னா படிக்கிறன்னு இவளுகளுக்குச் சொல்லிரு. வாய மூடட்டும்," என்றாள்.

மறுநாள், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குப் போனேன். அந்திக் கொழுந்தோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அம்மாவின் முகத்துக்காகக் கணக்கப்பிள்ளை, "தம்பி ரெண்டு வார்த்த பேசட்டும், அப்புறம் நிறுப்போம்," என்று தராசை நிறுத்திவிட்டார். இரண்டு வார்த்தைதானே என்று யாரும் கூடையை இறக்கவில்லை. தலையில் மாட்டிய கயிற்றில் பாரம் முதுகில் தொங்க, அப்படியே நின்றார்கள்.

எனக்கா இரண்டு வார்த்தை? கேட்க ஆளில்லாமல் கிடந்த வாய்! இரும்பும் செம்பும் மட்டும் உலோகமல்ல, கரிமச் சேர்மத்திலும் உலோகம்போல் மின்சாரம் கடத்துவது உண்டு என்று ஆரம்பித்தேன். நான் ஆராயும் படிகம் நகத்துணுக்கைவிடச் சிறியது. அடுக்கிவைத்த ரொட்டிபோல் தட்டுத்தட்டாக இருக்கும். மின்சாரம் தட்டோடு ஓடும், குறுக்கே போகத் தயங்கும். காந்தத்துக்கும் அதில் எல்லாத் திசையும் ஒன்றல்ல. கடுங்குளிரில் காந்தப்புலத்தில் வைத்துத் திருப்பினால் முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்கே தெரியாத அந்த முறுக்கைத்தான் நான் அளக்கிறேன் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அம்மா ஆடாமல் அசையாமல் நின்றாள். பெருமையில் நிற்கிறாள் என்றே நினைத்தேன்.

பக்கத்தில் நின்ற அக்கா ஒருத்தி குறுக்கிட்டாள். "தம்பி, அந்தத் துணுக்கு எந்தப் பக்கம் முறுக்குதுன்னு அம்புட்டு நுணுக்கமாப் பாக்குறீங்க. ஒங்கம்மாவுக்குக் கழுத்துப் புடிச்சிக்கிச்சு. அதப் பாக்கலியே?"

எல்லாரும் சிரித்தார்கள். சீ, என்ன பிழைப்பு இது என்று கூசிப்போனேன். அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. கூடையை இறக்க ஓடினேன்.

அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "வுடுடா. பாதியில நிறுத்துனா இவளுக இன்னும் பேசுவாளுக. நீ முடி."

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கூடையோடு உடம்பையே என் பக்கம் திருப்பி, நான் பேசுவதற்காகக் காத்து நின்றாள்.