துண்டு போர்த்தாத முதுகு

எழுபத்து மூன்றாம் வருடம், தை அமாவாசை காலை. திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். ஆண்கள் எல்லோரும் வெறும் உடம்போடு முழுகும் இடத்தில் நான் மட்டும் முதுகில் துண்டைப் போர்த்திக்கொண்டு முழுகுவேன். காரணம், இடது தோள்பட்டைக்குக் கீழே தொடங்கி விலா வரைக்கும் வளைந்து வரும் ஒரு தழும்பு.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். டீக்கடைக்குப் போனால்கூட, கடைக்காரர் தானாக என்னைப் பார்க்கும் வரை வாய் திறக்காமல் நிற்பேன். அப்படிப்பட்ட எனக்கு, கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்த்த இரும்புக் கம்பெனியில் வைத்த பெயர் 'ரவுடி'. ஒருநாள் சட்டை மாற்றும்போது ஒருவன் தழும்பைப் பார்த்துவிட்டு, "யாருபா வெட்னது?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் தண்ணீர்க் குழாயடியில் யாரும் என்னை முந்தியது கிடையாது. நானும் மறுக்கவில்லை. ரவுடிக்கு அங்கே வேலை உண்டு, இருதய நோயாளிக்குக் கிடையாது.

உண்மை இதுதான். குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போது திறந்திருந்து, பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய் எனக்கு மூடவே இல்லை. அப்போது இது யாருக்கும் தெரியாது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் இரண்டு மைல் நடக்க வேண்டும். ஏரிக்கரை ஏறுவதற்குள் மூன்று இடத்தில் உட்காருவேன். வாத்தியார் சோம்பேறி என்றார், அப்பாவும் அதையே சொன்னார். படிப்பு அதோடு நின்றது. இருபத்தெட்டு வயதில் நாற்றுப் பறிக்கும்போது மயங்கி விழுந்தேன். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டார், இது பிறவியிலேயே வந்தது என்று. ஆபரேஷன் செய்தார்கள். ஊர் திரும்பியதும், வாழ்க்கையில் முதல்முறையாக நிற்காமல் அந்த ஏரிக்கரையில் ஏறினேன். மேலே நின்று அழுதேன்.

கம்பெனியில் சேரும்போது, "பெரிய நோய் ஏதாவது வந்திருக்கிறதா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றேன். மூன்று வருடமாக அந்தப் பொய்யின் மேல்தான் துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தேன்.

அன்று குளத்தில் எனக்குப் பக்கத்திலேயே எங்கள் கம்பெனி மேஸ்திரியும் குளித்துக்கொண்டிருந்தார். தீராத நோய் உள்ளவர்கள் மூன்று அமாவாசை வந்து அந்தக் குளத்தில் வெல்லம் கரைப்பது வழக்கம். வெல்லம் கரைவதுபோல நோயும் கரையும் என்று நம்பிக்கை. படிக்கட்டு முழுக்கக் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் ஓர் இளம் தம்பதி, நான்கைந்து வயதுப் பெண் குழந்தையோடு இறங்கி வந்தார்கள். குழந்தை இரண்டு படி இறங்கும், உடனே முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்திவிடும். மறுபடியும் இரண்டு படி, மறுபடியும் குந்தும். வெல்லம் விற்கிற அம்மாள் அதைப் பார்த்துச் சிரித்து, "இன்னாடி, காலங்காத்தால நாவப்பயம் துன்னுட்டியா? உதடெல்லாம் ஊதாவா கீது?" என்றாள்.

தை மாதத்தில் ஏது நாவல்பழம்?

ஆஸ்பத்திரியில் என் பக்கத்து வார்டில் இப்படிப்பட்ட குழந்தைகள் இருந்தன. நீல உதடு, நீல நகம். குந்தினால் மூச்சு கொஞ்சம் அடங்கும் என்று குழந்தையே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று அங்கே ஒரு நர்ஸம்மா சொன்னார். "ஏம்மா இவ்வளவு லேட்டாகக் கொண்டுவந்தாய்?" என்று டாக்டர் கேட்டபோது, "சோம்பேறின்னு நென்ச்சுக்கினேன் சார்" என்ற ஒரு தாயையும் அங்கேதான் பார்த்தேன்.

"நைனா, கொஞ்சம் குந்திக்கிறேன் நைனா" என்றது குழந்தை.

"நடிக்காத, எய்ந்திரு! உன்னோட ஒரே பேஜாரு" என்று அப்பன்காரன் கையைப் பிடித்து இழுத்தான்.

நான் எப்படித் தண்ணீரைவிட்டு ஏறினேன் என்று தெரியாது. "தம்பி, கொயந்தைய இய்க்காதபா. அது நடிக்கல. இருதயத்துல கோளாறு இருக்கும்போல கீது. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போ" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "மூணு அமாவாச வேண்டிக்கினு கீறோம். இது ரெண்டாவது. நடுவுல டாக்டராண்ட போனா வேண்டுதல் பலிக்காதுன்னு எங்க பெரிம்மா சொல்லிச்சு. நீ இன்னா டாக்டரா?"

தண்ணீரில் இருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார். "டாக்டரு இல்லபா, ரவுடி! வெட்டத்தான் தெரியும், தைக்கத் தெரியாது."

படியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மற்ற நாளாக இருந்தால் அப்படியே தண்ணீருக்குள் முழுகியிருப்பேன். அன்று அந்தக் குழந்தை, யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கக்கூடத் தெம்பில்லாமல் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தது. நான் துண்டை எடுத்துக் கீழே போட்டேன். எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றேன்.

"நல்லா பாத்துக்குங்க மேஸ்திரி. இது எவனும் வெட்னது இல்ல. ஆபரேசன். பொறந்ததுலேர்ந்து எனக்கு இருதய நோவு. எங்க ஊட்லயும் என்னச் சோம்பேறின்னுதான் சொன்னாங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தையின் தாய் மட்டும் இரண்டு படி இறங்கி வந்து, "அறுத்தா வலிக்குமாண்ணா?" என்று கேட்டாள்.

"வலிக்கும்மா, பத்து நாளு. இப்ப அதுக்குத் தெனம் இல்ல வலிக்குது? வெல்லத்தையும் கரைங்க, பெருமாள் ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு. கரைச்சிட்டு நேரா ஸ்டேசனுக்குப் போங்க. இன்னைக்கே போங்க."

எந்த வாசலில் நுழைய வேண்டும், எங்கே சீட்டு வாங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அப்பன்காரன் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியேறிப் போய்விட்டான். ஸ்டேஷனுக்கா, ஊருக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

மேஸ்திரி ஈரத்தைத் துவட்டிக்கொண்டே வந்தார். "ஏன்பா, சேரும்போது நோவு இல்லைன்னுதான சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டார்.

மறுநாள் அவர் சொல்லும்வரை காத்திருக்காமல், நானே ஆபீஸ் அறைக்குள் போனேன். மேனேஜர் கேட்டுவிட்டு, நோயாளியை வைத்துக்கொள்ள முடியாது என்றார். என் ஆயுளில் அதுவரைக்கும் அத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் நான் பேசியது கிடையாது. "சார், மூணு வருசமா கம்பி தூக்குறேன். ஒரு நாளாவது ஒடம்பு முடியலன்னு லீவு போட்டேனா, ரெஜிஸ்டரப் பாருங்க. பொய் சொன்னதுக்குத் தண்டனை குடுங்க, வாங்கிக்கிறேன். நோவுக்குக் குடுக்காதீங்க."

மூன்று வாரம் வெளியே நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய், எந்த வேலையும் செய்யலாம் என்று எழுதி வாங்கி வந்து மேஜைமேல் வைத்தேன். சேர்த்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் யாரும் என்னை ரவுடி என்று கூப்பிடவில்லை. "நீ தூக்காதண்ணா" என்று சிலர் கம்பியைப் பிடுங்க வந்தார்கள். வேண்டுமென்றே இன்னும் இரண்டு சேர்த்துத் தூக்கினேன்.

ஆடி அமாவாசை வந்தது. குளத்துப் படியில் யாரோ "அண்ணா" என்று கூப்பிட்டார்கள். அதே தாய். பக்கத்தில், கையில்லாத கவுன் போட்டுக்கொண்டு அந்தக் குழந்தை. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே படி இறங்கியது. எங்கேயும் குந்தவில்லை. உதட்டில் கொஞ்சம் நீலம் மிச்சம் இருந்தது. வளர்ந்த பிறகு இன்னோர் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். என்னைப் பார்த்ததும் குழந்தை தானாகவே ஒரு கையைத் தூக்கியது. அக்குளுக்குக் கீழே தழும்பின் நுனி தெரிந்தது.

அப்பன்காரன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "இவளும் உன்னாட்டமே ரவுடி ஆய்ட்டாண்ணா."

அன்றிலிருந்து ஒவ்வோர் அமாவாசைக்கும் வெறும் முதுகோடுதான் முழுகுகிறேன். இன்னும் எனக்குக் கூச்சம் போகவில்லை. ஆனாலும் "யாரு வெட்னது?" என்று எவராவது கேட்டால், அவரைப் படியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லாமல் விடுவதில்லை; இருபத்தெட்டு வருடம் சோம்பேறி என்ற பெயரை நான் சுமந்தது போதும், நீல உதட்டோடு குந்தும் இன்னொரு குழந்தையின் தலையில் அதை ஏற்ற விடமாட்டேன்.