கண் மூடியிருந்த படங்கள்

நான் தாம்பரத்தில் கல்யாணப் போட்டோகிராஃபர். இறந்தே பிறந்த குழந்தைகளை, பெற்றோர் கேட்டால், சேவையாகப் படமெடுத்துத் தருகிறேன். அப்படி ஒரு பம்மல் தம்பதியின் பெண் குழந்தையைப் படமெடுத்தேன்.

மறுநாள் அப்பா போன் செய்தார். "பாப்பாவ அடக்கம் பண்ணிட்டோம்ணா. எம் பொண்டாட்டி போட்டோ கேட்டுகினே கீறா."

கம்ப்யூட்டரில் ஒரு படம்கூட இல்லை. கல்யாணப் படங்களில் கண் மூடியவற்றைத் தானாக அழிக்கும் மென்பொருள், பாப்பாவின் எல்லாப் படங்களையும் அழித்திருந்தது. கேமராவின் மெமரி கார்டோ, படமெடுக்கப் போன நண்பனோடு செம்பாக்கம் காதுகுத்துக்குப் போயிருந்தது. உடனே அவனுக்கு போன் போட்டேன்.

"மச்சான், கார்டை ஃபார்மேட் பண்ணிட்டியா?"

"பண்ணத்தான் போறேன். இன்னாடா?"

"தொடாத! வந்துகினே கீறேன்."

எல்லாப் படங்களும் அதில் இருந்தன.

இப்போது, படம் பெற்றோர் கைக்குச் சேரும்வரை கார்டை யாருக்கும் தருவதில்லை. அந்தக் குழந்தைகளின் முகங்களை மென்பொருளிடம் விடாமல், ஒவ்வொன்றாக நானே பார்க்கிறேன்.